போஸ்டர்ல இல்லாதது டைரில இருக்கு

கேள்வி: ஜெர்மன் ஓவியர் கேத்தே கோல்விட்ஸோட 'இனி போரே வேண்டாம்' போஸ்டர பாத்தாலே அவங்க அரசியல் என்னன்னு தெரிஞ்சிடுது. அப்புறம் எதுக்கு அவங்க டைரிய வேற தோண்டித் தோண்டி படிக்கணும்?

பதில்: தெரிஞ்சிடுதுன்னு நாம நெனச்சுக்கறோம், அங்கதான் சிக்கலே. அந்த போஸ்டர் 1924ல வந்தது, கைய ஓங்கி கத்தற அந்த முகத்துல துளி சந்தேகம் கெடையாது. ஆனா அதுக்குப் பத்து வருஷம் முன்னாடி, 1914ல போர் ஆரம்பிச்சப்ப, அவங்க சின்னப் பையன் பீட்டர், 18 வயசு, நானும் போறேன்னு நின்னான், வயசு பத்தாததால அப்பா சம்மதிக்கணும், டாக்டரா இருந்த அப்பா கார்ல் மாட்டேன்னார், கடைசில பையனுக்காகப் பேசி அவர சம்மதிக்க வச்சது யாருன்னா இதே அம்மாதான். அக்டோபர்லயே பெல்ஜியத்துல பையன் செத்துட்டான்.

அதுக்கப்புறம் டைரி பூரா இதே தவிப்பு. போர் வெறும் பைத்தியக்காரத்தனம்னு இப்ப தோணுது, ஆனா அப்படிச் சொன்னா நம்பிப் போன பையனுக்கே துரோகம் பண்றதா ஆயிடுமோன்னு 1916ல செத்துப்போனவன்கிட்டயே கேக்கறாங்க. அந்தக் கேள்விய ரெண்டு வருஷம் சுமந்துட்டுதான், 1918 அக்டோபர்ல கவிஞர் ரிச்சர்ட் டேமெல் இன்னும் ஆளுங்க போருக்கு வாங்கன்னு கூப்பிட்டப்ப, செத்தது போதும்னு பேப்பர்லயே பதில் எழுதினாங்க, முடிக்கறப்ப ஜெர்மன் கவிஞர் கோத்தேயோட வரி ஒண்ணு: விதைக்கு வச்சத அரைக்கக் கூடாது. அதே வரிதான் 1942ல அவங்க பண்ணின ஒரு லித்தோகிராஃபுக்கு (கல்லச்சுப் படம்) தலைப்பாச்சு, பேரன் இன்னொரு பீட்டர் ரஷ்யாவுல செத்ததும் அதே வருஷம்தான்.

பையனோட நினைவுச் சிலையும் அப்படித்தான். 1914லயே ஆரம்பிச்சது, நடுவுல கைவிட்டு, மறுபடி எடுத்து, 1932லதான் கல்லறைத் தோட்டத்துல வச்சாங்க. முதல்ல யோசிச்சதுல பையன் படுத்திருந்தான், முடிஞ்சப்ப அவன் இல்ல, முட்டி போட்ட அப்பாவும் அம்மாவும் மட்டும்தான். ஏன் இத்தன வருஷம் ஆச்சுன்னு சிலைய பாத்து தெரிஞ்சுக்க வழியே இல்ல.

கேள்வி: ஜெர்மன் கம்யூனிஸ்ட் தலைவர் கார்ல் லீப்க்னெக்ட்டுக்கு மரச்செதுக்குப் படம் பண்ணிருக்காங்களே, அப்ப கம்யூனிஸ்ட்தானே?

பதில்: கட்சில இல்ல. 1919ல அவர கொன்னப்ப, குடும்பத்துக்காரங்க கேட்டதால பிணவறைக்குப் போய் முகத்த வரைஞ்சாங்க, அவர் அரசியல ஏத்துக்காமலே. அவருக்காகத் தொழிலாளிங்க அழறத வரைய கலைஞருக்கு உரிமை இல்லையான்னு டைரில வாதாடறாங்க. 1920ல இன்னும் ஒருபடி மேல, எந்தப் பக்கமும் சேராம இருக்கறது கோழைத்தனமோன்னு தன்னையே குடையறாங்க, நான் புரட்சிக்காரி இல்ல, படிப்படியா மாறணும்னு நெனைக்கறவன்னும் எழுதறாங்க. ரெண்டு பக்கத்து ரசிகர்களுக்கும் இது வசதிப்படாது, எனக்கு ரொம்பப் பிடிச்ச பக்கங்களே இதுதான்.

கேள்வி: எந்தப் பதிப்பு படிக்கலாம்?

பதில்: இங்கிலீஷ்ல 1955ல வந்தது மூத்த பையன் ஹான்ஸ் பொறுக்கி எடுத்த பகுதிகள், அம்மாவ பத்தி மகன் தொகுத்ததுன்னு ஞாபகம் வச்சுக்கிட்டு படிங்க. 1908லேர்ந்து 1943 வரைக்குமான முழு டைரி 1989லதான் ஜெர்மன்ல வந்துச்சு, பேத்தி பதிப்பிச்சாங்க. நாஜி காலத்துப் பக்கங்கள படிக்கறப்ப மட்டும் கொஞ்சம் கவனமா இருங்க, 1933ல கலை அகாடமிய விட்டு வெளியேத்தி, 1936ல நாஜி ரகசிய போலீஸ் கெஸ்டபோ நேர்லயே வந்து மிரட்டிருக்கு, அப்படி இருக்கறவங்க எல்லாத்தையும் டைரில எழுதி வைப்பாங்களா என்ன?