உங்கள் நாத்தனார் கேட்டதில் என்ன தப்பு?

கேள்வி: என் மகளுக்கு அடுத்த மாதம் 5 வயது நிறைகிறது. பலூன் வளைவு, கார்ட்டூன் பேனர் என்று எல்லாரும் செய்வதையே செய்ய எனக்குப் பிடிக்கவில்லை. ‘பாட்டி காலத்து வீடு’ மாதிரி அலங்காரம் செய்யலாம் என்று சில மாதங்களாகச் சாமான் சேர்த்து வருகிறேன். காரைக்குடியில் எனாமல் தட்டுகள், டிரங்குப் பெட்டி, உக்கடத்தில் பித்தளைக் குடம், கோலி சோடா பாட்டில்கள் வாங்கினேன். தோரணம், காகிதப் பூ எல்லாம் என் கையால் செய்கிறேன். தெர்மோகோலைத் தொடவே இல்லை. கேக் வைப்பதற்குக் கால் மிதி தையல் மெஷின் ஒன்று காரைக்குடியில் 7,500 ரூபாய்க்குக் கிடைத்தது. (அத்தையிடமும் இதே மாதிரி ஒன்று இருந்தது. 2022இல் அபார்ட்மென்ட்டுக்கு மாறியபோது இடமில்லை என்று எடைக்குப் போட்டுவிட்டோம். 650 ரூபாய்தான் வந்தது.) மெஷினைப் படம் எடுத்துக் குடும்ப வாட்ஸப் குரூப்பில் போட்டேன். நாத்தனார் உடனே, ‘இதை வாங்கவா காரைக்குடி வரைக்கும் போனீங்க?’ என்று எழுதினார். அதற்கப்புறம் குரூப்பில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. அத்தை இப்போது உடுமலையில் நாத்தனார் வீட்டில்தான் இருக்கிறார். ரசனை இல்லாதவர்களுக்கு இதையெல்லாம் எப்படிப் புரியவைப்பது? பேசாமல் பலூன்காரரையே கூப்பிட்டுவிடலாமா?

– பெயர் வேண்டாம், கோவை

பதில்: பலூனா, பாட்டி காலமா என்பது உங்கள் இஷ்டம். அதற்கு என் யோசனை தேவையில்லை. ஆனால் கடிதத்தின் நடுவே அடைப்புக்குறி போட்டு எழுதியிருக்கிறீர்களே, அந்த இடத்தைத் தாண்டி என்னால் போக முடியவில்லை.

650 ரூபாய்க்கு ஒரு மெஷினை எடைக்குப் போட்டீர்கள். 7,500 ரூபாய் கொடுத்து அதே மாதிரி இன்னொன்றை வாங்கி வந்திருக்கிறீர்கள். அன்றைக்கு வீட்டில் இடமில்லை. அதே வீட்டில் இன்றைக்கு இடம் வந்துவிட்டது. எப்படி வந்தது? சுவரை நகர்த்தினீர்களா?

நாத்தனாருக்கு ரசனை போதாது என்று நினைக்கிறீர்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. அந்த மெஷின் ஓடிய வீட்டில் வளர்ந்த பெண் அவர். அதன் சத்தத்தில் தூங்கியிருப்பார், அந்தப் பலகைமேல் நோட்டை வைத்து வீட்டுப்பாடம் எழுதியிருப்பார், மிதிமேல் ஏறி ஆடி அம்மாவிடம் அடியும் வாங்கியிருப்பார். நீங்கள் அனுப்பிய படம் ஃபோனில் வந்து விழும்போது, அந்த அம்மா அதே வீட்டில்தான் இருக்கிறார். படத்தை அவரிடம் காட்டுவதா, மறைப்பதா? உங்களைத் திட்டக்கூட இல்லை, ஒரே ஒரு கேள்வி கேட்டார். நானாக இருந்தால் இன்னும் காரமாகவே எழுதியிருப்பேன். மற்றவர்கள் பேசாமல் இருந்ததற்கும் அதுதான் காரணம். அந்தக் குரூப்பில் உங்களைத் தவிர எல்லாருக்கும் விஷயம் புரிந்திருக்கிறது.

எடைக்காரர் தராசோடு வந்த அன்று அத்தை எங்கே இருந்தார்? அவரைக் கேட்டீர்களா, இல்லை சும்மா தகவல் சொன்னீர்களா? கேட்டிருந்தாலும் “சரிப்பா, இடமில்லைன்னா போட்டுருங்க” என்றுதான் சொல்லியிருப்பார். மகன் வீட்டில் இருக்கிற அம்மாக்கள் வேறு எப்படிச் சொல்வார்கள்? அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வது நமக்கு வசதி. அப்புறம் ஒன்று. அத்தை உடுமலைக்குப் போனது மெஷின் போவதற்கு முன்பா, பின்பா? கடிதத்தில் அது இல்லை. நீங்களே யோசித்துப் பாருங்கள்.

அந்த மெஷின் அவருக்கு எப்படி வந்தது என்றாவது தெரியுமா? அம்மா வீட்டுச் சீராக வந்ததா, சீட்டுப் போட்டு வாங்கினாரா? ஊராருக்கு ஜாக்கெட் தைத்தாரா, வீட்டுத் துணி மட்டும்தானா? நம் ஊரில் எத்தனையோ குடும்பங்கள் அந்த மிதியில்தான் நின்றன. தீபாவளி நெருங்கினால் ராத்திரி முழுக்க விளக்கு எரியும், விடிந்ததும் பிள்ளைகள் துணிப்பையைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போய் ஜாக்கெட்டைக் கொடுத்துக் கூலி வாங்கி வரும். கணவனை இழந்தவர்களுக்கும் கைவிடப்பட்டவர்களுக்கும் தமிழக அரசு தையல் மெஷினை இலவசமாகக் கொடுக்கிறது, சத்தியவாணி முத்து அம்மையார் பெயரில் அதற்கு ஒரு திட்டமே இருக்கிறது. வேறு ஆதரவு இல்லாத பெண்ணுக்கு இது ஒன்று இருந்தால் போதும், பிழைத்துக்கொள்வாள் என்று சர்க்காருக்கே தெரிந்திருக்கிறது. அதைத்தான் நீங்கள் கிலோக் கணக்கில் நிறுத்துப் போட்டிருக்கிறீர்கள்.

இந்தப் பழைய சாமான் மோகத்தை இப்போது எல்லா இடத்திலும் பார்க்கிறேன். வீட்டு அம்மியை யாருக்கோ கொடுத்துவிட்டு, ரிசார்ட்டில் கிடக்கிற அம்மி முன்னால் குழந்தையை நிறுத்திப் படம் எடுக்கிறார்கள். யாருடையது என்று தெரியாத பழசு நமக்கு அழகாக இருக்கிறது, தெரிந்தவருடைய பழசு அடைசலாகத் தெரிகிறது. ஏனென்றால் தெரிந்தவருடைய பழசு தனியாக வராது. ஆளும் கூடவே வருவார். எண்ணெய் போட்டாயா என்பார், அதன்மேல் ஈரத் துணி போடாதே என்பார், ஒரே கதையைப் பத்துத் தரம் சொல்வார். கடையில் வாங்கியதோடு அந்தத் தொல்லை வராது.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் அடுக்கி வைத்திருக்கிறார்களே எனாமல் அடுக்கும் தேக்குத் தூணும் ரவிவர்மா படமும், அதெல்லாம் எங்கிருந்து வந்தது என்று கடைக்காரரைக் கேட்டீர்களா? பங்காளிகள் ஊர் ஊராகப் பிரிந்து போய், அவ்வளவு பெரிய வீட்டைப் பார்த்துக்கொள்ள ஆளும் இல்லாமல் பணமும் இல்லாமல், பிரித்து விற்ற வீடுகளின் சாமான்கள் அவை. உங்கள் மெஷின் செட்டிநாட்டு வீட்டிலிருந்துதான் வந்தது என்றும் இல்லை. எங்கேயோ ஒரு மருமகள் இடமில்லை என்று போட்டது லாரி ஏறி வந்திருக்கலாம். அத்தையுடைய மெஷின் உருக்குப் போகாமல் தப்பியிருந்தால், இந்நேரம் ஏதோ ஒரு ஊரில் காபிக் கடைக்கு மேசையாக நிற்கும்.

உங்கள் கணவரைக் கடிதம் முழுக்கத் தேடினேன். காணோம். அது அவரைப் பெற்ற அம்மாவின் மெஷின். தராசில் ஏற்றும்போது தடுத்திருக்க வேண்டியவர் அவர். குரூப்பில் அக்காவோ தங்கையோ கேட்ட கேள்விக்குப் பதில் எழுதியிருக்க வேண்டியவரும் அவர்தான். வயதான பெற்றோரையும் அவர்கள் பொருளையும் காப்பாற்றுவது முதலில் பெற்ற பிள்ளையின் கடமை, மருமகளின் பொறுப்பு அதற்கு அப்புறம்தான். இப்படி எழுதினால் ‘பழைய பஞ்சாங்கம்’ என்று எனக்குக் கடிதம் வரும். வரட்டும். எல்லாப் பழியையும் மருமகள் தலையில் கட்டிவிட்டு மகன் ஃபோனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற வீடுகளை நிறையப் பார்த்தாகிவிட்டது.

இப்போது செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். பிறந்தநாளுக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் உடுமலைக்குப் போங்கள். பொள்ளாச்சி வழியாக இரண்டு மணி நேரம், காரைக்குடியைவிடப் பக்கம்தான். ஃபோனில் பேசி முடிக்கலாம் என்று பார்க்காதீர்கள், குரூப்பில் எழுதுவது கூடவே கூடாது. “அம்மா, உன் மெஷினைப் போட்டது எங்க தப்பு” என்று உங்கள் கணவர் முதலில் வாய் திறக்கட்டும். நீங்களும் சொல்லுங்கள். சொன்னதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ‘அப்போ வீடு சின்னது, மூவர்ஸ் ஆட்கள் அவசரப்படுத்தினாங்க’ என்று ஆரம்பித்தால், போனதே வீண். அத்தை கோபப்படலாம், “அது கெடக்கு, விடும்மா” என்று சிரித்துவிட்டுக் காபி போடப் போகலாம். எதுவானாலும் கேட்டுக்கொள்ளுங்கள். நாத்தனார் வீட்டில் சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.

புது மெஷினை அவரிடம் கொடுத்தால் கணக்கு நேராகிவிடும் என்று மட்டும் நினைக்க வேண்டாம். அது அவருடையது இல்லை. பிறந்தநாளுக்கு முன் ஒரு மெக்கானிக்கைக் கூப்பிட்டு அதை ஓடவையுங்கள். துரு எடுத்து, எண்ணெய் விட்டு, புது பெல்ட் போட்டால் பெரும்பாலும் ஓடிவிடும், அந்தக் காலத்து வார்ப்பிரும்பு லேசில் சாகாது. பிறந்தநாளுக்கு வரும்போது அத்தை தொட்டுப் பார்க்க ஆசைப்பட்டால் பார்க்கட்டும். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை என்றால் வற்புறுத்தாதீர்கள். பாட்டியை மெஷினில் உட்காரவைத்து ரீல்ஸ் எடுக்கிற எண்ணம் இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள். அவர் உங்கள் அலங்காரச் சாமான் இல்லை.

அலங்காரம் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும், வீட்டுக்குள் பத்துப் பதினைந்து குழந்தைகள் வரப்போகிறார்கள். கேக் வைப்பதற்கு முன் பெல்ட்டைக் கழற்றி, மிதியைக் கயிற்றால் இறுக்கிக் கட்டிவிடுங்கள். ஒரு குழந்தை மிதித்தால் இன்னொரு குழந்தையின் விரல் சக்கரத்தில் மாட்டும். எனாமல் தட்டு பார்வைக்கு மட்டும் இருக்கட்டும். விளிம்பு பெயர்ந்த தட்டில் துருவும் சில்லும் சாப்பாட்டில் கலக்கும், பழைய வண்ணப் பூச்சில் ஈயமும் இருக்கலாம். சாப்பாடு வாழையிலையில் போடுங்கள். பித்தளைக் குடத்தில் எலுமிச்சைச் சாறு, பானகம் எதுவும் ஊற்றாதீர்கள். உள்ளே வெள்ளீயம் பூசாத பித்தளையில் புளிப்பு பட்டால் களிம்பு இறங்கி, அத்தனை குழந்தைகளும் வாந்தி எடுக்கும். டிரங்குப் பெட்டி மூடியைத் திறந்து நிறுத்தி வைக்காதீர்கள், பூட்டிவிடுங்கள். பழைய மரப் பொம்மைகள் வாங்கியிருந்தால் கைக்கெட்டாத உயரத்தில் வையுங்கள், பெயின்ட்டில் ஈயத்துக்குக் கறாரான வரம்பு இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. கோலி சோடா பாட்டிலும் அதே உயரத்துக்குப் போகட்டும். உடைந்தால் கண்ணாடி காலில், கோலி கைக்குழந்தையின் வாயில்.

தோரணம் ஒட்ட மைதாப் பசை காய்ச்சினால் மயில்துத்தம் சேர்க்காதீர்கள். பூச்சி வராமலிருக்க பைண்டிங் கடைகளில் போடுவார்கள், ஆனால் அது விஷம். பசையை நக்கிப் பார்க்காத குழந்தை உண்டா? கிடைத்தால் காகிதத்தோடு கொஞ்சம் தென்னங்குருத்தும் வாங்குங்கள். ஓலையில் கிளியும் காற்றாடியும் முடையத் தெரிந்தவர் அன்றைக்கு வரும் பெரியவர்களில் ஒருவராவது இருப்பார். தெர்மோகோலைத் தொடவில்லை என்று பெருமைப்பட்டிருக்கிறீர்கள். அலங்காரத்துக்குத் தெர்மோகோல் பயன்படுத்துவதை 2022 ஜூலையிலேயே நாடு முழுக்கத் தடை செய்தாகிவிட்டது. சட்டத்தை மீறாமல் இருந்திருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

பலூன்காரருக்கு என்ன சொல்வது என்பதை உடுமலையிலிருந்து திரும்பிய பிறகு முடிவு செய்யுங்கள். அப்போது மகளையும் ஒரு வார்த்தை கேளுங்கள், இவ்வளவு நீளக் கடிதத்தில் அவளுக்கு என்ன வேண்டும் என்று ஒரு வரிகூட இல்லை. அவள் பலூன் கேட்டால் நாலு வாங்கி ஊதி டிரங்குப் பெட்டியில் கட்டிவிடுங்கள். பிளாஸ்டிக் குச்சி வைத்த பலூன் மட்டும் வேண்டாம், அதுவும் அந்தத் தடைப் பட்டியலில் இருக்கிறது.