சட்டம் கேளுங்கள்: மணல் மேட்டில் மோட்டார் சைக்கிள்

கேள்வி: மணற்காட்டில் எங்கள் வாடிக்குப் பின்னால் இருக்கும் மணல் மேடுகளில் ஞாயிறுதோறும் வெளியூர் இளைஞர்கள் மோட்டார் சைக்கிளும் ஜீப்பும் ஏற்றி ஓட்டுகிறார்கள். காயப்போட்ட வலை ஒன்றையும் கிழித்துவிட்டார்கள். பொலிஸில் சொன்னால், “அது தெரு இல்லையே” என்கிறார்கள். இதற்குச் சட்டமே இல்லையா? படங்கள் மூன்று இணைத்துள்ளேன்.
— கடற்றொழிலாளி, வடமராட்சி

பதில்: “தெரு இல்லையே!” நீதிமன்ற எழுதுவினைஞராக இருந்த காலத்தில் இதை எத்தனை தரம் கேட்டிருப்பேன்! பாதி உண்மைதான். 1951ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் பெரும்பாலும் தெருவைப் பற்றியே பேசுகிறது. ஆனால் நாட்டில் அந்த ஒரு சட்டந்தானா இருக்கிறது?

முதலில் வலையைப் பாருங்கள். கிழியும் என்று தெரிந்தே பிறர் உடைமைமேல் வாகனத்தை ஏற்றுவது தண்டனைச் சட்டக்கோவையின் 408ஆம் பிரிவுக்குள், அதாவது பிறர் உடைமைக்குச் சேதம் விளைவிக்கும் குற்றத்துக்குள் வரும். தெருவில் கிழித்தால் என்ன, மேட்டில் கிழித்தால் என்ன? வலைக்கென்று தனி முறைப்பாடு எழுதுவியுங்கள். முறைப்பாட்டு இலக்கம் கைக்கு வராமல் கதிரையை விட்டு எழும்பாதீர்கள்.

மேட்டின் கதை வேறு. இராவணன் மீசைப் புல்லைப் பிடுங்கிப் பார்த்திருப்பீர்கள். கையைக் குத்தும், இலேசில் வராது. அந்த வேரும் அடும்பங்கொடியுந்தான் மணலைக் கட்டி வைத்திருக்கின்றன. சக்கரம் அதை அறுத்த இடத்தில் காற்று வாய் வைக்கும். மணல் நடக்கத் தொடங்கினால் என்ன ஆகும் என்பதை உங்கள் ஊருக்கு நான் சொல்லத் தேவையில்லை. பழைய அந்தோனியார் கோயிலின் இடிந்த சுவர்கள் மணலுக்குள் நிற்கின்றன.

இதற்கு 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையில் 98ஆம் பிரிவு இருக்கிறது. பொது இடத்தில் நடக்கும் தொல்லையை நிறுத்தும்படி நீதவான் கட்டளையிடலாம். பொலிஸ் அறிக்கைக்காகத்தான் அவர் காத்திருக்க வேண்டும் என்றில்லை, வேறு வழியாகக் கிடைக்கும் தகவலும் போதும். சங்கத்தில் நாலு பேர் கையொப்பமிட்டு, ஒரு சட்டத்தரணி மூலம் பருத்தித்துறை நீதவான் நீதிமன்றத்துக்குப் போங்கள். பொலிஸ் முறைப்பாட்டையே ஏற்க மறுத்தால் தேசிய பொலிஸ் ஆணைக்குழுவுக்கு எழுதலாம்.

இதே ஆட்கள் சுண்டிக்குளம் பக்கம் போனால் உங்களுக்கு இவ்வளவு அலைச்சல் இல்லை. அது 2015 முதல் தேசிய பூங்கா. அனுமதியின்றி உள்ளே போவதே குற்றம். வனசீவராசிகள் திணைக்களம் பார்த்துக்கொள்ளும்.

வழிமறித்து அடிதடிக்குப் போகாதீர்கள். போனால் அவர்கள் முறைப்பாட்டுக்காரர், நீங்கள் வழக்கில் எதிரி, அதாவது குற்றஞ்சாட்டப்பட்டவர். திகதி, நேரம், வாகன இலக்கம் மூன்றையும் கொப்பியில் எழுதி வையுங்கள். அடுத்த ஞாயிறு படம் எடுக்கும்போது இலக்கத் தகட்டை எடுங்கள். நீங்கள் அனுப்பிய மூன்றிலும் எனக்குத் தெரிவது புழுதி மட்டுந்தான்.