14, 8, 3 வயது: மூன்று பிள்ளைகளையும் ஒரே நாளில் எங்கே கூட்டிப்போவது?

காரைக்குடியிலிருந்து போய் இருட்டுவதற்குள் திரும்பணும், பெரியவளுக்கு எல்லாமே போர், நடுவுலவன் ஓரிடத்தில் நிற்க மாட்டான், சின்னதுக்கு மதியத் தூக்கம் தவறினால் ஒரே அழுகை என்று எழுதியிருக்கிறீர்கள். எங்கள் வீட்டிலும் இதே கதைதான் அக்கா.

வழியில் இருக்கிறதே என்று நாலு கோயிலைச் சேர்த்துக்கொள்ளாதீர்கள். நாங்கள் அப்படிப் போய், மூன்றாவது கோயில் வாசலில் மூன்றும் ஒன்றாக அழுதன. திருமயம் கோட்டை, ஆத்தங்குடி, இரண்டே போதும். கோட்டைக்குக் காலையில் திறந்ததுமே போய்விடுங்கள், பாறை சுட ஆரம்பித்துவிட்டால் சின்னதைத் தூக்கிக்கொண்டு ஏறுவது உங்கள் இடுப்புக்குத்தான் கேடு. 1687இல் ராமநாதபுரம் மன்னர் சேதுபதி கட்டியது, உச்சியில் பீரங்கி இருக்கிறது, பையனுக்கு வேறென்ன வேண்டும்! கீழே இறங்கி, கட்டிக்கொண்டு போன தயிர்சாதத்தைக் கொடுத்து வண்டியை எடுத்தால் சின்னது தானாகத் தூங்கிவிடும்.

அப்புறம் ஆத்தங்குடி, அது பெரியவளுக்கு. தரையில் பதிக்கும் பூப்போட்ட ஆத்தங்குடிக் கல் செய்யும் பட்டறையில் கேட்டுக்கொண்டு உள்ளே போங்கள். கண்ணாடித் தட்டின்மேல் அச்சை வைத்து, வண்ண சிமெண்டைக் கரண்டியால் கட்டம் கட்டமாக ஊற்றி, அச்சை மெல்லத் தூக்கினால் பூ அப்படியே நிற்கும். பின்பக்கம் மணலும் சிமெண்டும் போட்டு அமுக்கித் தண்ணீரில் ஊறவைப்பார்கள், சூளையே கிடையாது. எங்கள் பெண் அரை மணி நேரம் போனைத் தொடவில்லை.

மார்கழி, தை என்றால் ஆத்தங்குடிக்குப் பதில் வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்தைப் பார்க்கலாம், ஆனால் அங்கே பையன் சத்தம் போடாமல் இருக்கணும்.