தலையின் வடிவமும் குழந்தையின் கவனமும்: வாசகர் கேள்விகள்

மண்டையோட்டு வளர்ச்சியில் பிறவி மாறுபாடு உள்ள குழந்தைகளின் நடத்தை, கவனம் குறித்து வந்த கேள்விகளுக்குக் குழந்தை வளர்ச்சி மருத்துவர் பதிலளிக்கிறார்.

கேள்வி: என் மகனுக்கு ஏழு வயது. பிறக்கும்போதே அவன் தலை முன்பின்னாக நீண்டிருந்தது. மண்டையோட்டின் நடுத்தையல் முன்கூட்டியே மூடிவிட்டது என்று சொல்லி, எட்டாவது மாதத்தில் அறுவை சிகிச்சை செய்தார்கள். தலை இப்போது நன்றாக இருக்கிறது. இனி வர வேண்டியதில்லை என்று அறுவை மருத்துவரும் சொல்லிவிட்டார். ஆனால் வகுப்பில் எந்த வேலையையும் அவன் முடிப்பதில்லை, சொன்னது நினைவில் நிற்பதில்லை, ஓரிடத்தில் உட்காருவதில்லை என்று ஆசிரியை சொல்கிறார். “பச்சைக் குழந்தையின் தலையில் கத்தி வைத்ததால்தான் இப்படி” என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதைத் தாங்க முடியவில்லை. நாங்கள் தவறு செய்துவிட்டோமா? இது ஏ.டி.ஹெச்.டி. எனப்படும் கவனக்குறைவு, மிகைச் செயல்பாட்டுக் கோளாறு தானா?

பதில்: அறுவை சிகிச்சைக்குச் சம்மதித்தது தவறே அல்ல, அந்தக் குற்ற உணர்வை நீங்கள் இறக்கி வைத்துவிடலாம். பிறந்த குழந்தையின் மண்டையோட்டு எலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டியிருப்பதில்லை. தையல்கள் எனப்படும் நார்த்திசு அவற்றுக்கு இடையே இருக்கிறது. முதல் ஓராண்டில் மூளையின் கன அளவு ஏறக்குறைய இரு மடங்காகிறது; அந்த வளர்ச்சிக்கு இடம் கொடுப்பவை இந்தத் தையல்களே. சுமார் 2,000 முதல் 2,500 குழந்தைகளில் ஒருவருக்கு இவற்றில் ஒன்றோ பலவோ உரிய காலத்துக்கு முன்பே எலும்பாகி மூடிவிடுகின்றன. கிரேனியோசினோஸ்டோசிஸ் என்று மருத்துவர்கள் சொல்வது இதைத்தான். உங்கள் மகனுக்கு இருந்தது அதில் மிகவும் பரவலான வகை; ஆண் குழந்தைகளிடம் அதிகம் காணப்படுவது. உள்ளே அழுத்தம் கூடாமல் காக்கவும் தலை இயல்பான வடிவம் பெறவும் முதல் வயதுக்குள் அறுவை சிகிச்சை செய்வது பல நாடுகளிலும் உள்ள நடைமுறை.

பெரியவர்களின் அச்சத்தில் ஒன்றை மட்டும் நான் முற்றிலும் ஒதுக்க மாட்டேன். அது மயக்க மருந்து பற்றியது. மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேலாகவோ திரும்பத் திரும்பவோ கொடுக்கப்படும் மயக்க மருந்து மூளை வளர்ச்சியைப் பாதிக்கக்கூடும் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2016-இல் எச்சரித்தது. ஆனால் அவசியமான சிகிச்சையை இந்தக் காரணத்தால் தள்ளிப்போடவோ தவிர்க்கவோ கூடாது என்றும் அதே அமைப்பு பின்னர் தெளிவுபடுத்தியது. உங்கள் மகனுக்குச் செய்யப்பட்டது அவசியமான சிகிச்சை.

ஒரே ஒரு தையல் மட்டும் மூடிய குழந்தைகளில் பெரும்பாலானோரின் அறிவுத்திறன் இயல்பான எல்லைக்குள்தான் இருக்கிறது. ஆயினும் அவர்களை ஒரு குழுவாகப் பார்த்தால், மொழி, நினைவாற்றல், கவனம், ஒரு வேலையைத் திட்டமிட்டு முடிக்கும் திறன் ஆகியவற்றில் சிறு சிறு சிரமங்கள் மற்றப் பிள்ளைகளைவிடச் சற்று அதிகமாகவே காணப்படுகின்றன. நெற்றித் தையல் மூடிய குழந்தைகளிடம் நடத்தைச் சிக்கல்கள் இன்னும் கொஞ்சம் கூடுதலாகக் கவனிக்கப்பட்டிருக்கின்றன. இறுகிய எலும்பு மூளையை நெருக்குவதே காரணம் என்பது ஒரு விளக்கம். எலும்பின் வளர்ச்சியை வழிநடத்தும் மரபணுக்களே மூளையின் வளர்ச்சியிலும் பங்கு கொள்கின்றன, ஆகவே இரண்டும் ஒரே வேரிலிருந்து வருகின்றன என்பது மற்றொன்று. தலை அழகாகச் சீரானபின்னும் கவனச் சிக்கல் தலைகாட்டக்கூடும் என்பதற்கு இரண்டாவது விளக்கமே அதிகம் பொருந்துகிறது என்பது என் கருத்து. வருத்தம் என்னவென்றால், இந்தச் சிரமங்கள் பெரும்பாலும் பள்ளிப் பாடம் கடினமாகும் வயதில்தான் வெளியே தெரிகின்றன. அதற்குள் அறுவை மருத்துவரின் கண்காணிப்பு முடிந்துபோயிருக்கும்.

இது ஏ.டி.ஹெச்.டி. தானா என்பதற்கு வருகிறேன். அந்தப் பெயரைச் சூட்டுமுன், அதைப்போலவே தோற்றமளிக்கும் வேறு காரணங்களை விலக்க வேண்டும். அவன் இரவில் குறட்டை விடுகிறானா, வாயைத் திறந்து மூச்சு விடுகிறானா, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறதா என்று கவனியுங்கள். தூக்கம் கெட்ட பெரியவர்கள் சோர்ந்து உட்காருவார்கள். குழந்தைகளோ பல நேரங்களில் அதற்கு மாறாகத் துள்ளித் திரிவார்கள், எதிலும் நிலைகொள்ள மாட்டார்கள். காது கேட்கும் திறனையும் பார்வையையும் முறைப்படி பரிசோதியுங்கள். கண் மருத்துவரிடம் கண்ணாடிக்கான சோதனையோடு நிறுத்திக்கொள்ளாமல், கண்ணுக்கு மருந்து விட்டு உள்ளே பார்வை நரம்பின் முனையில் வீக்கம் இருக்கிறதா என்று பார்க்கவும் கேளுங்கள். அந்த வீக்கம் தலைக்குள் அழுத்தம் கூடியிருப்பதைக் காட்டும்; அறுவை சிகிச்சைக்குச் சில ஆண்டுகளுக்குப் பிறகு அப்படி அழுத்தம் மீண்டும் கூடுவது ஒரு சிறு பகுதியினரிடம் நடக்கிறது. எழுத்துக் கூட்டிப் படிப்பதில் அவன் திணறுகிறானா என்பதும் தெரிய வேண்டும், ஏனெனில் படிக்க முடியாத பிள்ளை பாடத்தில் மனம் செலுத்தாததில் வியப்பில்லை.

இவையெல்லாம் சரியாக இருந்து, பன்னிரண்டு வயதுக்கு முன்பே தொடங்கிய அறிகுறிகள் ஆறு மாதங்களுக்குக் குறையாமல் நீடித்து, வீடு, பள்ளி என இரண்டு சூழல்களிலாவது காணப்பட்டு, அவனுடைய அன்றாட வாழ்வைக் குலைத்தால்தான் ஏ.டி.ஹெச்.டி. என்ற முடிவுக்கு வர முடியும். மண்டையோட்டுக் கோளாறே இல்லாத பிள்ளைகளிலும் ஏறத்தாழ நூற்றுக்கு ஐந்து பேருக்கு அது இருக்கிறது. ஆகவே உங்கள் மகனுக்கு அது இருந்தால், தலையோடு தொடர்பே இல்லாமலும் இருக்கலாம். ஏழு வயதில் நடத்தைப் பயிற்சி, வகுப்பறை உதவி, தேவைப்பட்டால் மருந்து ஆகிய மூன்றும் சேர்ந்தே பலன் தருகின்றன. குழந்தைப் பருவத்தில் தலையில் அறுவை சிகிச்சை நடந்தது என்பது மட்டுமே மருந்துக்குத் தடையாகாது. பசி, தூக்கம், எடை, இரத்த அழுத்தம் ஆகியவற்றைக் கவனித்துக்கொண்டே கொடுப்பார்கள்.

கேள்வி: என் நான்கு வயது மகளுக்கு மியூன்கே சிண்ட்ரோம் என்று மரபணுப் பரிசோதனையில் தெரிந்தது. கூப்பிட்டால் திரும்புவதே இல்லை. நினைத்தது நடக்காவிட்டால் தரையில் விழுந்து கத்துகிறாள். பிறந்தபோது செய்த காதுப் பரிசோதனையில் குறையில்லை என்றார்கள்.

பதில்: அந்தப் பரிசோதனையை நம்பி இருந்துவிடாதீர்கள். எஃப்.ஜி.எஃப்.ஆர்.3 என்ற மரபணுவின் ஒரு குறிப்பிட்ட மாற்றத்தால் வரும், மண்டையோட்டுத் தையல்கள் முன்கூட்டியே மூடக்கூடிய இந்நிலையில் செவி நரம்பு சார்ந்த கேட்புக் குறைபாடு பலருக்கு உண்டு. குறிப்பாகத் தாழ்ந்த சுருதி ஒலிகள் குறைவாகக் கேட்கும். மற்ற ஒலிகளுக்குக் குழந்தை திரும்புவதால், காது நன்றாக இருக்கிறது என்று வீட்டார் நம்பிவிடுகிறார்கள். லேசான குறைபாடு பிறந்தவுடன் செய்யும் சோதனையில் பிடிபடாமலும் போகலாம். எனவே முழுமையான கேட்புப் பரிசோதனையை இப்போதே செய்து, மருத்துவர் சொல்லும் இடைவெளியில் திரும்பவும் செய்யுங்கள். கேட்புக் கருவி தேவைப்படும் குழந்தையைப் பிடிவாதக்காரி என்று கண்டிப்பது அவளுக்குப் பெரும் அநீதி.

கவனக்குறைவும் உணர்ச்சிக் கொந்தளிப்பும் இந்தச் சிண்ட்ரோமில் அதிகம் என்பதும் உண்மைதான். இந்த வயதில் முதல் சிகிச்சை மாத்திரை அல்ல. பெற்றோருக்கான நடத்தைப் பயிற்சிதான். அவள் முகத்துக்கு நேரே, ஒரு நேரத்தில் ஒரே ஒரு கட்டளையாகச் சொல்வது, செய்து முடித்த கணமே பாராட்டுவது, கத்தும்போது வாதாடாமல் அமைதியாக அருகில் இருப்பது ஆகியவற்றை ஒரு உளவியலாளரின் வழிகாட்டுதலோடு வீட்டிலுள்ள அனைவரும் ஒரே மாதிரி கடைப்பிடிக்க வேண்டும்.

கேள்வி: ஐந்து மாதக் குழந்தையின் பின்தலை ஒரு பக்கம் தட்டையாக இருக்கிறது. பின்னாளில் கவனக்குறைவு வருமா?

பதில்: தையல்கள் திறந்திருந்து, படுக்கும் நிலையால் மட்டுமே தட்டையாகியிருந்தால், அந்தத் தட்டை மூளையைக் கெடுப்பதில்லை. தையல் மூடவில்லை என்பதை மருத்துவரிடம் ஒருமுறை உறுதி செய்துகொள்ளுங்கள். கழுத்துத் தசை ஒரு பக்கம் இறுகியிருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். விழித்திருக்கும் நேரத்தில், உங்கள் கண் முன்னே, குப்புறப் படுக்கவிட்டு விளையாட்டுக் காட்டுங்கள். தூங்கும்போது மட்டும் மல்லாந்தே படுக்க வேண்டும். திடீர் சிசு மரணத்தைத் தடுக்கும் அந்த வழக்கத்தைத் தலையின் வடிவத்துக்காக மாற்றக் கூடாது.

கேள்வி: நான் ஆசிரியை. என் வகுப்பில் ஏபர்ட் சிண்ட்ரோம் உள்ள ஒரு சிறுவன் இருக்கிறான். எழுதச் சொன்னால் எழுந்து போய்விடுகிறான். சில நாட்களில் மேசையிலேயே தூங்கிவிடுகிறான். கண்டிப்பதா, விட்டுவிடுவதா என்று தெரியவில்லை.

பதில்: கேட்டதற்கு நன்றி. ஏபர்ட் சிண்ட்ரோமில் மண்டையோட்டுத் தையல்கள் முன்கூட்டியே மூடுவதோடு, பிறக்கும்போதே விரல்களும் ஒட்டியிருக்கின்றன. பிரித்த பிறகும் எழுதுவது மெதுவாகவும் களைப்பாகவும் இருக்கும். அவன் எழுந்து போவது அந்த உழைப்பிலிருந்து தப்பிக்கவும் இருக்கலாம். பாதியை எழுதி மீதியை வாய்மொழியாகச் சொல்ல அனுமதித்துப் பாருங்கள். அப்போது அவன் உட்கார்ந்திருந்தால், சிக்கல் கவனத்தில் இல்லை. முன்வரிசையில், உங்கள் குரலும் முகமும் தெளிவாகத் தெரியும் இடத்தில் அவனை அமர்த்துங்கள். அவன் தோற்றத்தை யாராவது கேலி செய்தால் அன்றே தலையிடுங்கள், ஏனெனில் நாள்தோறும் கேலிக்கு அஞ்சும் பிள்ளையின் மனம் பாடத்தில் நிற்காது.

வகுப்பில் தூங்குவதைப் பெற்றோரிடம் தவறாமல் எழுத்தில் தெரிவியுங்கள். முகத்தின் நடுப்பகுதி உள்வாங்கி மூச்சுப்பாதை குறுகியிருப்பதால், இக்குழந்தைகளுக்கு இரவில் மூச்சுத்தடை மிகவும் சகஜம். தூக்க ஆய்வு செய்து பார்த்தால் அது தெரிந்துவிடும். அதோடு, நன்றாகப் படித்துக்கொண்டிருந்தவன் சில வாரங்களில் பின்தங்கினாலோ, காலையில் தலைவலி, வாந்தி என்று சொன்னாலோ, பலகையில் உள்ளது மங்கலாகத் தெரிகிறது என்றாலோ, அடுத்த பெற்றோர் கூட்டம் வரை காத்திருக்காமல் அன்றைக்கே அவர்களை அழைத்துச் சொல்லுங்கள். தலைக்குள் அழுத்தம் கூடுவதை முதலில் கண்டுகொள்ளும் வாய்ப்பு பல நேரங்களில் வகுப்பாசிரியருக்குத்தான் கிடைக்கிறது.