ரைஃபிளின் பாலிமர் பாகங்கள் எத்தனை ஆண்டுகள் தாங்கும்?

கேள்வி: பின்கட்டை, கைப்பிடி, மேகசின் (தோட்டா அடைக்கும் பெட்டி) எல்லாம் பாலிமரால் ஆன ஒரு ரைஃபிளை வாங்க நினைக்கிறேன். 30, 40 ஆண்டுகள் கழித்தும் உழைக்குமா? அல்லது வெளியில் கிடக்கும் பிளாஸ்டிக் நாற்காலி போல வெளுத்து நொறுங்கிவிடுமா?

தாங்கும். நல்ல நைலானாக இருந்தால் உங்கள் பிள்ளையின் காலத்திலும் உழைக்கும். ஆனால் துப்பாக்கியின் எல்லாப் பாகங்களுக்கும் ஒரே வேகத்தில் வயதாவதில்லை. எந்த இடத்தில் பாரம் ஓயாமல் அழுத்திக்கொண்டே இருக்கிறதோ, அந்த இடம்தான் முதலில் தளரும். பிளாஸ்டிக் பாகங்களை வார்க்கும் பட்டறையில் 20 ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். வார இறுதிகளில் ஒரு சுடுதல் கழகத்தின் துப்பாக்கிகளைப் பராமரிக்கிறேன். இரண்டு இடங்களிலும் கண்டது இதுதான்.

நாற்காலியோடு ஒப்பிடுவது சரியல்ல. நாற்காலி பெரும்பாலும் பாலிபுரோப்பிலீன். வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் அதன் மூலக்கூறுச் சங்கிலிகளை அறுத்துவிடும். ரைஃபிள் கட்டை பொதுவாகக் கண்ணாடி இழை கலந்த நைலான். அதன் கறுப்பு நிறம் அழகுக்கு மட்டும் அல்ல. அந்த நிறத்தைத் தரும் நுண்ணிய கரித்தூள் கதிரை மேற்பரப்பிலேயே விழுங்கிவிடுகிறது. பல ஆண்டு வெயிலில் மேல்தோல் மங்கும், தடவினால் சொரசொரக்கும். உள்ளே இருக்கும் பலத்துக்கு அதனால் பெரிய சேதம் இல்லை.

சான்று வேண்டுமென்றால் 1959இல் அமெரிக்க நிறுவனமான ரெமிங்டன் வெளியிட்ட நைலான் 66 ரைஃபிளைப் பாருங்கள். கட்டையும் இயக்கப் பகுதியின் உடலும் சேர்ந்து நைலான்தான். தோட்டாவைக் குழலுக்குள் தள்ளி அடைக்கும் அதன் போல்ட், எண்ணெய்கூடக் கேட்காமல் நைலான் மேலேயே வழுக்கி ஓடும். 10 லட்சத்துக்கும் மேல் தயாரிக்கப்பட்டது. எங்கள் கழகத்துக்கு வரும் பெரியவர் ஒருவரிடம் அதில் ஒன்று இருக்கிறது. கட்டையை விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கீறல்கள் நிறைய, விரிசல் ஒன்றுகூட இல்லை. ஆஸ்திரிய ராணுவம் 1977இல் ஏற்ற ஸ்டெயர் ஆக் ரைஃபிளில், தோட்டாவை வெடிக்கவைக்கும் சுத்தியல் தொகுதியே பாலிமர். ஒவ்வொரு சூட்டிலும் அடி வாங்கும் இடத்திலேயே பாலிமரை வைத்திருக்கிறார்கள்.

பிறகு எது கெடுகிறது? நான் மாற்றிய பாகங்களில் பாதிக்கு மேல் திருகு துளையில் விரிசல் விட்டவை. சென்ற ஆண்டு ஒரு பின்கட்டையைக் கழற்றினேன். துளையின் விளிம்பில் மயிரிழை போல ஒரு வெள்ளைக் கோடு. லென்ஸ் வைத்துப் பார்த்தபோது அது ஒன்றல்ல, மூன்று. துளையிலிருந்து சூரியக் கதிர் போலப் பிரிந்து ஓடின. கறுப்பு நைலானில் வெள்ளை தெரிந்தால், அந்த இடம் தாங்கும் எல்லையைத் தாண்டிவிட்டது என்று பொருள். துப்பாக்கிக்கு வயது நான்குதான். யாரோ திருகை இருக்கும் பலமெல்லாம் கொடுத்து முறுக்கியிருந்தார்கள். நல்ல வடிவமைப்பில் அந்தத் துளைக்குள் உலோக புஷ், அதாவது ஒரு சிறு உலோகக் குழாய், இருக்கும். இறுக்கத்தை அது வாங்கிக்கொள்ளும். வாங்குவதற்கு முன் திருகைக் கழற்றி அந்த புஷ் இருக்கிறதா என்று பாருங்கள். விளம்பரத்தில் எழுதியிருக்கும் பாலிமரின் பெயரைவிட அது முக்கியம்.

அடுத்தது மேகசின். தோட்டாவைப் பிடித்து நிறுத்தும் மேல் உதடுகளை ஸ்பிரிங் இரவும் பகலும் மேல்நோக்கித் தள்ளுகிறது. பிளாஸ்டிக் அப்படிப்பட்ட அழுத்தத்துக்கு உடையாது, மெல்ல மெல்ல இடம் கொடுக்கும். உதடுகள் அகன்றால் தோட்டா சரியான கோணத்தில் வராது, சில நேரம் இரண்டு தோட்டா சேர்ந்து எகிறும். சில மேகசின்களின் உதடுகளுக்குள் எஃகுத் தகடு உண்டு. இன்னும் சிலவற்றோடு வரும் மூடி, தோட்டாவைக் கீழே அழுத்தி உதடுகளின் பாரத்தைக் குறைக்கும். புதிதாக வரும் மேகசினின் உதட்டு இடைவெளியை வெர்னியரில் அளந்து, அடிப்பக்கத்தில் ஒட்டிய தாளில் எழுதி வைக்கிறேன். மேகசின் தேயும் பொருள் என்று வைத்துக்கொண்டால் மனக்கவலை இல்லை.

வெப்பம் தனிக்கதை. நைலான் 66 என்ற பிளாஸ்டிக் வகை உருகுவது 260 டிகிரி செல்சியஸ் அளவில்தான். ஆனால் அதற்கு வெகு முன்பே விறைப்பை இழக்கிறது. தொடர்ந்து சுடும்போது சூடாகும் குழலைப் பாலிமர் உடல் தாங்கிப் பிடித்தால் குறி நகரும். ஜெர்மன் ராணுவத்தின் ஜி36 ரைஃபிள் பற்றி 2015இல் எழுந்த சர்ச்சை இதைச் சுற்றியதுதான். ஒப்பந்தப்படி குறை இல்லை என்று 2016இல் கோப்லென்ஸ் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ராணுவத்தின் கடும் சூட்டுக்கு எழுந்த கேள்வி அது. நிதானமாகச் சுடும் உங்களுக்கு அது பொருந்தாது.

ஈரத்தைப் பற்றிப் பலரும் தலைகீழாக நினைக்கிறார்கள். நைலான் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். உறிஞ்சினால் விறைப்பு சற்றுக் குறைந்து, அடி தாங்கும் குணம் கூடும். அச்சிலிருந்து அப்போதுதான் எடுத்த, காய்ந்த பாகம்தான் எளிதில் உடையும். பட்டறையில் சில பாகங்களை வெந்நீரில் ஊற வைத்த பிறகே திருகு முறுக்குவோம்.

கட்டைக்கு முன்பே கெட்டுப்போவது மென்மையான பாகங்கள்தான்: தோளில் படும் பட்டை, ரப்பர் போன்ற பூச்சு. பாலியூரித்தேன் ஈரத்தில் சிதைந்து பிசுபிசுக்கும். துடைத்தால் போகாது, மாற்றத்தான் வேண்டும். எண்ணெய் நைலானை ஒன்றும் செய்யாது. ஆனால் கண்ணாடி போன்ற பாலிகார்பனேட் பாகம் எதுவும் இருந்தால், அசிட்டோன் உள்ள திரவத்தையும் கொசு விரட்டும் மருந்தையும் அதன் பக்கமே கொண்டுபோகாதீர்கள். நுண்ணிய விரிசல் வலை போல் பரவிவிடும்.

நீங்கள் பார்த்துவைத்திருக்கும் துப்பாக்கியின் மாதிரிப் பெயரை எழுதுங்கள். குழல் எதில் பொருந்தியிருக்கிறது, புஷ் எங்கே இருக்கிறது என்று பார்த்துச் சொல்கிறேன்.