பச்சை எரிகிறது, கட்டுரை திறக்கவில்லை

கேள்வி: அண்ணா, டர்பனில் பகுதிநேரமாக பிஎச்டி செய்கிறேன், வீடு சாட்ஸ்வொர்த்தில். வீட்டிலிருந்தே பல்கலைக்கழக நெட்வொர்க்குக்குள் நுழைய அவர்கள் கொடுத்த விபிஎன்னைப் போட்டால் இணைந்துவிட்டது என்று பச்சை காட்டுகிறது, ஆனால் ஆய்விதழ்க் கட்டுரையைத் திறந்தால் காசு கட்டச் சொல்கிறது. என் நேர்காணல் பதிவுகள் இருக்கும் துறை ஃபோல்டர் வீட்டில் திறக்கிறது, இதே டர்பனில் ஃபீனிக்ஸ் பகுதியில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போனால் திறப்பதில்லை. ப்ளே ஸ்டோரில் இலவச விபிஎன் ஒன்றைப் போடு என்கிறான் தம்பி. போடலாமா?

பதில்: வேண்டாம் சகோதரி. இலவச விபிஎன் அந்தக் கம்பெனியின் ஏதோ ஒரு சர்வரில்தான் உங்களைக் கொண்டுபோய் விடும், பல்கலைக்கழகத்துக்குள் விடாது. போதாததற்கு நீங்கள் எந்தெந்தத் தளத்துக்குப் போகிறீர்கள் என்பதையும் அந்தக் கம்பெனி பார்க்கலாம். பெயர்தான் ஒன்று, வேலை வேறு.

கட்டுரை விஷயத்துக்கு வருவோம். ஜேஸ்டோர், எல்செவியர் மாதிரி ஆய்விதழ்த் தளங்கள் உங்கள் முகத்தைப் பார்ப்பதில்லை, எந்த ஐபி எண்ணிலிருந்து, அதாவது எந்த இணைய இணைப்பின் முகவரியிலிருந்து, வருகிறீர்கள் என்று பார்க்கின்றன. பல்கலைக்கழகம் பதிந்து வைத்த எண் என்றால் திறக்கும். பல பல்கலைக்கழகங்களின் விபிஎன், தன் சொந்த சர்வர்களுக்குப் போகும் போக்குவரத்தை மட்டும் உள்ளே இழுத்துக்கொண்டு, மற்ற எல்லாவற்றையும் உங்கள் வீட்டு ஃபைபர் வழியாகவே விட்டுவிடும். ஸ்ப்ளிட் டன்னல் என்பார்கள். வீட்டில் ஓடும் யூடியூபெல்லாம் அவர்கள் வழியாகப் போக வேண்டாம் என்பதற்காகத்தான், அதில் தப்பில்லை. ஆனால் பதிப்பகத்துக்குத் தெரிவது உங்கள் வீட்டு எண்தான், அதனால்தான் காசு கேட்கிறது. விபிஎன்னைப் போட்டு ஒரு முறை, நிறுத்தி ஒரு முறை, ‘என் ஐபி என்ன’ என்று கூகுளில் தேடிப் பாருங்கள். இரண்டு முறையும் அதே எண் வந்தால் இதுதான் காரணம்.

கட்டுரைக்கு விபிஎன்னே தேவைப்படாமல் போகலாம். நூலகத்தின் இணையப் பக்கத்துக்குப் போய், அங்கிருக்கும் இணைப்பு வழியாக இதழைத் திறந்து, மாணவர் எண்ணும் பாஸ்வேர்டும் கொடுங்கள். ஈஸிபிராக்ஸி (பல்கலைக்கழகத்தின் எண்ணிலேயே இதழைத் திறந்து உங்களுக்குக் காட்டும் மென்பொருள்) வைத்திருக்கும் நூலகம் என்றால், மேலே முகவரிப் பட்டையில் இதழின் பெயரோடு பல்கலைக்கழகத்தின் பெயரும் ஒட்டிக்கொண்டு வரும். அது இருந்தால் சரியான வழியில் வந்துவிட்டீர்கள். கூகுளில் தேடி நேராகப் பதிப்பகத்துக்குப் போனால் அது ஒட்டாது, பெரும்பாலானவர்கள் தடுக்கி விழுவது இங்கேதான்.

ஃபோல்டருக்கு விபிஎன் கட்டாயம் வேண்டும். அக்கா வீட்டில் அது திறக்காததற்கு எனக்கு முதலில் தோன்றுவது எண் மோதல். சில வீட்டு ரவுட்டர்கள் தங்களோடு இணையும் லேப்டாப், போன்களுக்கு 10.0.0 என்று தொடங்கும் எண்களைக் கொடுக்கும், பெரிய நிறுவனங்களும் உள்ளே 10 என்று தொடங்கும் எண்களைத்தான் அதிகம் வைத்திருக்கும். துறை சர்வரின் எண்ணும் அதே வரிசையில் விழுந்துவிட்டால், உங்கள் லேப்டாப் அதை அக்கா வீட்டுக்குள்ளேயே தேடிக்கொண்டிருக்கும், பச்சை மட்டும் எரியும். அங்கே இருக்கும்போது போன் ஹாட்ஸ்பாட்டில் இணைத்துப் பாருங்கள். திறந்துவிட்டால் அக்கா வீட்டு ரவுட்டரின் செட்டிங்கில் 192.168.50 மாதிரி வேறு வரிசைக்கு மாற்றச் சொல்லுங்கள், பத்து நிமிட வேலை.

அதுவரைக்கும் பதிவுகளை பென்டிரைவில் போட்டுக்கொண்டு அலையாதீர்கள், தயவு செய்து. உங்களை நம்பிப் பேசியவர்களின் குரலும் பெயரும் அதில் இருக்கிறது. தனிநபர் தகவலைக் காக்கும் போப்பியா சட்டத்தை 2021 ஜூலை 1 முதல் இங்கே தென்னாப்பிரிக்காவில் கட்டாயமாகக் கடைப்பிடிக்க வேண்டும், பென்டிரைவ் தொலைந்தால் பதில் சொல்ல வேண்டிய நிலைமை வரும்.

அப்புறம், கரண்ட் போகும்போது ரவுட்டருக்கு மட்டும் பேட்டரி வைத்தால் போதாது, சுவரில் இருக்கும் ஃபைபர் பெட்டிக்கும் சேர்த்து வைக்க வேண்டும். எழுதிக்கொண்டிருக்கும் கோப்பை லேப்டாப்பில் வைத்துத் திருத்திவிட்டு, முடிந்ததும் துறை ஃபோல்டரில் ஏற்றிவிட்டு லேப்டாப் பிரதியை அழித்துவிடுங்கள். லைன் பாதியில் அறுந்தாலும் அன்றைய வேலை கெடாது.

இத்தனைக்கும் பிறகும் சரியாகவில்லை என்றால் ஹெல்ப்டெஸ்க்குக்கு எழுதுங்கள். ‘விபிஎன் வேலை செய்யவில்லை’ என்று மட்டும் எழுதினால் பதில் வர நாளாகும். எந்த வீட்டில், எத்தனை மணிக்கு, எந்த ஃபோல்டர், ஹாட்ஸ்பாட்டில் என்ன நடந்தது, இவ்வளவையும் எழுதி, திரையில் வந்த எர்ரரைப் படமெடுத்து அனுப்புங்கள்.