ரவிவர்மா படமும் பழுப்புக் கோடும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: பாட்டி காலத்து ரவிவர்மா லட்சுமி படம். ஜரிகையும் சம்கியும் வைத்து அலங்கரித்தது. அங்கங்கே பழுப்புப் புள்ளிகள். நடுவில் மேலிருந்து கீழாக ஒரு பழுப்புக் கோடு. ஈரத்துணியால் துடைக்கலாமா?
– காரைக்குடி வாசகி

பதில்: துடைக்கவே கூடாது. ரவிவர்மா 1894-இல் பம்பாயில் தொடங்கிய அச்சகம் வெளியிட்ட படங்கள், கல்லச்சில் (கல்லில் வரைந்து அச்சிடும் முறை) ஒவ்வொரு நிறமாகப் பதித்து மேலே வார்னிஷ் பூசியவை. அச்சு மை எண்ணெய் கலந்தது, தண்ணீரில் கரையாது என்பது சரிதான். ஆனால் காகிதம் நீர் குடித்து உப்பிவிடும், வார்னிஷ் வெளுத்துப் போகும், சம்கியைப் பிடித்திருக்கும் பசை இளகிக் கையோடு வந்துவிடும்.

அந்தக் கோட்டுக்குக் காரணம் அநேகமாகப் படத்தின் பின்பக்கம் இருக்கும். அக்காலத்தில் பெட்டிப் பலகைகளை வரிசையாக வைத்து ஆணி அடிப்பார்கள். இரண்டு பலகை சேரும் இடுக்கு வழியே காற்றும் தூசியும் புகுந்து, அதே இடத்தில் கோடாகப் பதியும். பலகையிலிருந்து வரும் அமிலம் மற்ற இடங்களையும் மெல்ல நொறுங்க வைக்கும். புள்ளிகள் ஈரப்பதத்தால் வருபவை: பூஞ்சை ஒரு பக்கம், காகிதத்தில் கலந்த இரும்புத் துகள் துருப்பிடிப்பது இன்னொரு பக்கம். பிளீச்சிங் போட்டு வெளுத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் படத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள். கோடும் புள்ளியும் இருந்துவிட்டுப் போகட்டும். படத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும் பொருள்களைத்தான் மாற்ற வேண்டும்.

முதலில் கண்ணாடியைச் சாய்வாகப் பாருங்கள். சில இடங்கள் மட்டும் ஈரம் பட்டதுபோல் கருத்துத் தெரிந்தால், அங்கே வார்னிஷ் கண்ணாடியில் ஒட்டியிருக்கிறது. இழுத்தால் லட்சுமியின் முகம் கண்ணாடியோடு போய்விடும். அப்படியே நிறுத்திவிட்டு நிபுணரிடம் கொண்டுபோங்கள். கலை, பண்பாட்டுச் சின்னங்களைப் பாதுகாக்கும் இன்டாக் (INTACH) அமைப்பின் பாதுகாப்பு மையங்களில் தனியார் படங்களையும் எடுத்துக்கொள்கிறார்கள்.

ஒட்டவில்லை என்றால், கெட்டித் துணிமேல் கண்ணாடி கீழே இருக்கும்படி படுக்கவைத்து, ஆணிகளைக் குறடால் பிடுங்குங்கள். சுத்தியலால் தட்டினால் சம்கி உதிரும். பலகைக்குப் பதில் ஆசிட் ஃப்ரீ மவுண்ட் போர்டு, அதாவது அமிலம் இல்லாத கெட்டி அட்டை. கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவே குறைந்தது 4 மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும். சம்கி புடைத்திருந்தால் இன்னும் கூடுதலாக. சட்டத்தின் உள்விளிம்பில் சுற்றிலும் போர்டுப் பட்டை ஒட்டினால் இது கிடைத்துவிடும். பழைய தேக்குச் சட்டத்தையே திரும்பப் பயன்படுத்தலாம். பழைய பலகையில் கடை முத்திரையோ கையெழுத்தோ இருந்தால் எறியாமல் தனியே எடுத்து வையுங்கள்.

கேள்வி: கிழிந்த ஓவியத்தில் யாரோ செலோடேப் ஒட்டியிருக்கிறார்கள். எப்படி எடுப்பது?
– மதுரை வாசகர்

பதில்: டேப் பழசாகி மஞ்சளாகியிருந்தால் பசை காகித நாருக்குள் இறங்கிவிட்டது. உரித்தால் மேல்தோல் சேர்ந்து வரும். தின்னர், பெட்ரோல் தடவினால் கறை இன்னும் அகலமாகப் பரவும். இது வீட்டு வேலை இல்லை.

டேப் படாத கிழிசலுக்கு ஜப்பானிய கோசோ தாளும் (ஒருவகை மல்பெரி மரப்பட்டை நாரில் செய்த மெல்லிய தாள்) கோதுமை ஸ்டார்ச் பசையும் போதும். ஒரு பங்கு ஸ்டார்ச், ஐந்து பங்கு தண்ணீர். சிறுதீயில் கிண்டிக்கொண்டே அரைமணி நேரம் காய்ச்சி, ஆறியதும் சல்லடையில் தேய்த்து வடிகட்டுங்கள். தாளைக் கத்தரிக்காமல் கிழித்தால் ஓரத்தில் நார் நீட்டிக்கொண்டிருக்கும், அதுதான் பிடிப்பு. சாயம் தண்ணீரில் ஓடுகிறதா என்று ஒரு மூலையில் சோதித்த பிறகே, பின்பக்கம் மெல்லத் தடவி ஒட்டி, உறிஞ்சுதாள் வைத்து, எடை ஏற்றி, இரவு முழுக்க விடுங்கள்.

மைதாப் பசை ஆகாது. அதிலுள்ள புரதம் பூச்சிக்கு விருந்து. பூச்சி வராமலிருக்க பைண்டிங்காரர்கள் சேர்க்கும் மயில்துத்தம் அதைவிட மோசம்: செம்பு உப்பு காகிதத்தைச் சீக்கிரம் பழுப்பாக்கும்.

கேள்வி: லாமினேட் செய்துவிட்டால் பிரச்சினையே இல்லையே?
– சேலம் வாசகர்

பதில்: சூட்டில் உருகி ஒட்டிய பிளாஸ்டிக்கைத் திரும்பப் பிரிக்க முடியாது. நகல் எடுத்து அதை லாமினேட் செய்யுங்கள்.

கேள்வி: ராமபாணப் பூச்சிக்கு அந்துருண்டை போடலாமா?
– நாகை வாசகி

பதில்: அதன் ஆவி உங்களுக்கும் நல்லதல்ல, பூச்சியையும் முழுதாகத் தடுக்காது. ராமபாணம் ஈரத்தைத் தேடி வருவது. காற்றின் ஈரப்பதத்தைக் காட்டும் ஹைக்ரோமீட்டர் ஒன்று வாங்கி மாட்டுங்கள். ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது. 65-ஐத் தாண்டிப் பல நாள் நின்றால் பூஞ்சை தொடங்கும். மழை அடிக்கும் வெளிச்சுவரில் படம் மாட்டாதீர்கள். வேறு சுவர் இல்லையென்றால் சட்டத்தின் பின்னால் கீழ் மூலைகளில் கார்க் துண்டு ஒட்டிக் காற்றோட இடம் விடுங்கள்.

கேள்வி: படம் பூஜையறையில் இருக்கிறது. எதில் கவனமாக இருக்க வேண்டும்?
– கும்பகோணம் வாசகி

பதில்: விளக்கைப் படத்துக்கு நேர் கீழே வைக்காதீர்கள்; புகைக்கரி சட்ட இடுக்கு வழியே உள்ளே போகும். குங்குமமும் சந்தனமும் கண்ணாடி மேல் மட்டும். அதைத் துடைக்கும்போது தண்ணீரைக் கண்ணாடியில் தெளிக்காமல் துணியில் நனைத்துப் பிழிந்து துடையுங்கள். வழிகிற நீர் கீழ்ச் சட்டத்தில் தேங்கி, படத்தின் அடியோரம் அதைத் திரிபோல உறிஞ்சிக்கொள்ளும்.